சாங்கியில் 13 மணி நேரம்: உள்ளேயா, வெளியேயா?

என் அக்காவும் அத்தானும் தேவகோட்டையிலிருந்து சிட்னியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். திருச்சியில் பயணச்சீட்டு போட்டுக் கொடுத்தவர், சிங்கப்பூரில் 13 மணி 20 நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, விலை மலிந்ததற்குக் காரணமே அதுதான் என்று ஆறுதலும் கூறியிருக்கிறார். அக்கா இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலில் கவலை இருந்தது. எனக்கோ ஒரு பகல் முழுவதும் அவர்களோடு இருக்கக் கிடைத்த மகிழ்ச்சி. காலை 6.50க்கு இறங்கி இரவு 8.10க்கு அடுத்த விமானம் ஏற வேண்டும். அந்த நாளை எப்படிச் செலவழித்தோம், எதில் நேரம் வீணாயிற்று, எது கொடுத்த காசுக்கும் காலுக்கும் தகுந்ததாக இருந்தது என்பதை, இதே வழியாகப் போகப்போகும் பிறருக்கும் பயன்படும் என்பதற்காக எழுதுகிறேன்.

சாங்கி விமான நிலையத்தைப் பற்றிய பாராட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. அருவி, வண்ணத்துப்பூச்சி, திரையரங்கு, நீச்சல்குளம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறார்கள். அவற்றை நம்பி வருகிற நம் ஊர்ப் பயணிக்கு இறங்கிய பிறகுதான் ஓர் உண்மை புரிகிறது: அந்தப் பட்டியலில் பாதி குடிநுழைவுச் சோதனைக்கு உட்புறத்திலும் பாதி வெளிப்புறத்திலும் இருக்கின்றன. எந்தப் பாதி உங்களுக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கடப்பிதழும் அதில் இருக்கும் விசாவும்தான். ஆகவே, சாங்கியில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு முன்னால், வெளியே வர முடியுமா என்ற கேள்விக்கு விடை கண்டுவிட வேண்டும். நான் இந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்றவன் என்பதால் அந்த வேறுபாடு எனக்கு நன்றாகத் தெரியும்.

2012ஆம் ஆண்டில் எனக்குச் சிங்கப்பூரில் வேலையும் இல்லை, விசாவும் இல்லை. சென்னையிலிருந்து இந்தோனேசியாவின் சுரபாயாவுக்கு ஒரு வேலையாகப் போனபோது இங்கே ஒன்பது மணி நேர இரவு இடைத்தங்கல் அமைந்தது. அன்று, அருவி இருக்கும் ஜுவல் என்ற கண்ணாடிக் கட்டடம் கிடையாது. இன்று அது நிற்கும் இடத்தில், முதலாம் முனையத்துக்கு முன்னால், திறந்தவெளி வண்டி நிறுத்துமிடம் இருந்தது. மூன்றாம் முனையத்தின் இலவசத் திரையரங்கில் ஏதோ ஓர் ஆங்கிலப் படத்தின் பிற்பாதியைப் பார்த்துவிட்டு, தரைவிரிப்பின் மீது பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். விடிந்ததும் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்குப் போனேன். அந்த அரை மணி நேரம்தான் இன்றும் நினைவில் நிற்கிறது. தட்டில் வெட்டி வைத்திருந்த அன்னாசித் துண்டின் மேல் ஒன்று வந்து அமர்ந்து, சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நிதானமாக நீட்டிக் குடித்தது. என் மூக்குக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இரவு முழுக்கக் குளிரூட்டிய கூடத்தில் கிடந்துவிட்டு அங்கே நுழையும்போது உடம்பில் படுகிற வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்காகவே அந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்பேன்.

வெளியே வர இயலாதவர்களுக்கு இன்றும் என் பரிந்துரை ஏறக்குறைய அதுவேதான். மூன்றாம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டிய பிறகு போனால் அவை இலைக்கடியில் உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் முனையத்தின் மாடியில் உள்ள சூரியகாந்தித் தோட்டத்தில் வெயில் இறங்கிய பிறகு நின்றால் ஓடுபாதைக் காற்றும் கிடைக்கும். முதலாம் முனையத்தில் கள்ளிச்செடித் தோட்டம் இருக்கிறது; முள்வேலிக்கு நடுவே வளர்ந்த நமக்கு அது பெரிய அதிசயமாகப் படாது. கால் பிடித்துவிடும் இயந்திரங்கள் பல இடங்களில் இலவசமாக இருக்கின்றன. படுப்பதற்குச் சாய்விருக்கைகள் கொண்ட ஓய்விடங்களும் இலவசமே. வயதானவர்களோடு வருபவர்கள், ஒன்பது பத்து மணி நேரம் என்றால், உள்ளேயே இருக்கும் டிரான்சிட் விடுதிகளில் ஓர் அறை எடுத்துவிடுவது நல்லது. இரவு கணக்கில் அல்லாமல் சில மணி நேரக் கணக்கில் அங்கே வாடகைக்கு விடுகிறார்கள். குளிக்க மட்டும் தனிக் கட்டணத்தில் வசதி உண்டு. எப்படியிருந்தாலும் கைப்பையில் ஒரு சால்வை இருக்கட்டும். குளிரூட்டலின் கடுமையைச் சென்னை வெயிலில் நின்றுகொண்டு கற்பனை செய்ய முடியாது.

முதல் மூன்று முனையங்களும் ஸ்கைடிரெயின் என்ற தானியங்கி ரயிலால் இணைக்கப்பட்டவை. நான்காம் முனையம் தனியே கிடக்கிறது. அங்கிருந்து பேருந்தில்தான் வரவேண்டும். உங்கள் அடுத்த விமானம் அங்கிருந்து புறப்படுவதாக இருந்தால் அதற்கென்று கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இனி வெளியே வருவதைப் பற்றி. மலேசியர்களுக்கும் இலங்கைக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கும் சுற்றுலாவாக வர விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். ஆனால் இந்தியர்களுக்கு 96 மணி நேர விசா இல்லா இடைவழிச் சலுகை ஒன்று இருப்பது நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. பயணச்சீட்டு போடுகிறவர்களும் சொல்வதில்லை. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், குறித்த நேரத்துக்குள் சிங்கப்பூரை விட்டுப் புறப்படுவதற்கு உறுதியான பயணச்சீட்டும் இருந்தால் அதற்குத் தகுதி பெறலாம். விசா இன்னும் எத்தனை நாள் செல்லுபடியாக வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் புறப்படும் முன்பே படித்துவிட வேண்டும். அனுமதிப்பதும் மறுப்பதும் முகப்பில் இருக்கும் அதிகாரியின் முடிவு. ஆஸ்திரேலிய விசா கடப்பிதழில் ஒட்டப்படுவதில்லை, மின்னஞ்சலில்தான் வருகிறது என்பதால், அந்தக் கடிதத்தை அச்சிட்டு எடுத்து வரும்படி அத்தானிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். அவர் நான்கு படிகள் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி நெகிழியுறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேறு எப்படிச் செய்வார்!

வெளியே வருகிற எல்லாரும் மின்னியல் வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அரசாங்கத் தளம் போலவே தோற்றமளித்த ஏதோ ஒரு தளத்தில் அதற்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். எங்கேயாவது வங்கி அட்டை எண் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவாக இருக்கிறது என்று இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனியாகச் சீட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்பவர்கள், பெட்டி இறுதி ஊர் வரை நேராகப் போகுமா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தம்பி அப்படி வந்தார். பெட்டியோ குடிநுழைவைத் தாண்டிய பின் இருக்கும் சுழல்பட்டையில் சுற்றிக்கொண்டிருக்க, விசா இல்லாத அவர் உள்ளே மாட்டிக்கொண்டார். இடைமாற்று முகப்பில் இருந்தவர்கள் பேசிச் சரிசெய்வதற்குள் அவருடைய எட்டு மணி நேர இடைத்தங்கலில் ஐந்து மணி நேரம் கரைந்துபோனது. அக்காவின் சீட்டு ஒரே பதிவாக இருந்ததால் பெட்டிகள் திருச்சியிலேயே சிட்னி வரைக்கும் பதிவாகிவிட்டன. கையில் மிஞ்சியவை இரண்டு தோள்பைகளும் ஒரு கட்டைப்பையும். பொருள் பாதுகாப்பு முகப்பு எல்லா முனையங்களிலும் உண்டு. கட்டணம் உண்டு என்றாலும், 30 பாகை வெயிலில் முறுக்குப் பையைச் சுமந்து திரிவதற்கு அது எவ்வளவோ மேல்.

வெளியே வரத் தகுதி இருந்தும், தனியாக ஊர் சுற்றத் தயக்கம் உள்ளவர்களுக்கு, விமான நிலையமே நடத்தும் இலவசச் சுற்றுலா ஏற்ற ஏற்பாடு. இடைத்தங்கல் ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சுற்றுலா ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நடக்கிறது. முன்பதிவை இணையத்தில் செய்யலாம். அல்லது குடிநுழைவைத் தாண்டுவதற்கு முன், உள்ளே இருக்கும் முகப்பிலேயே கேட்டுப் பதியலாம். அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ஆறேழு மணி நேரம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. நேரத்துக்குத் திரும்பிவிடுவோமா என்ற பதற்றத்தை அவர்கள் சுமந்துகொள்கிறார்கள். 13 மணி நேரம் உள்ளவர்களுக்கு அது போதாது. தவிர, பேருந்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ஊரைப் பார்ப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

எங்கள் நாளின் வரிசையைத் தீர்மானித்தவை இரண்டு கதவுகள். ஒன்று கோயில் கதவு: நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறக்கும். மற்றொன்று அருவியின் நேரம்: ஜுவலில் விடியற்காலையில் போய் நின்றால் அருவி விழாது, முற்பகலில்தான் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். விமானத்திலிருந்து இறங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக ஜுவலுக்கு ஓடி, வெறும் கண்ணாடிக் குவிமாடத்தைப் பார்த்து ஏமாறுவதை நான் கண்டிருக்கிறேன். எனவே காலையில் தேக்கா என்று அழைக்கப்படும் லிட்டில் இந்தியா வட்டாரம், மாலையில் ஜுவல் என்று வைத்துக்கொண்டோம். என் வீடு ஈசூனில், தீவின் வடகோடியில் இருப்பதால், வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பகல் தீர்ந்துவிடும் என்று அக்காவைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. "தம்பி வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையா என்று ஊரில் கேட்பார்களே," என்ற அவருடைய கவலைக்கு, தண்ணீர்ப் புட்டியை நீட்டுவதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

காலை எட்டு மணிக்கெல்லாம் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். பெருவிரைவு ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே நிலத்தடியில் இருக்கிறது. ஒரே நிலையம் தாண்டி எக்ஸ்போவில் இறங்கி டௌன்டவுன் பாதையில் மாறினால், பிறகு மாறாமல் லிட்டில் இந்தியா நிலையத்திலேயே போய் இறங்கலாம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். தானா மேராவில் மாறி, பூகிஸில் மீண்டும் ஒருமுறை மாறிப் போகும் வழி சற்று விரைவானது என்றாலும், முழங்கால் வலி உள்ளவர்களை இரண்டு முறை மின்படிக்கட்டில் ஏற்றி இறக்க நான் விரும்பவில்லை. வங்கி அட்டையையே வாயிலில் தட்டிப் போகலாம். ஆனால் ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும், வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணமும் பிடிப்பார்கள். அத்தானிடம் ஒரே ஓர் அட்டை இருந்ததால் அக்காவுக்கு என் பழைய பயண அட்டையைக் கொடுத்தேன். டாக்சி என்றால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சேரும். மூன்று நான்கு பேராக இருந்தால் அது கட்டுப்படியாகும்.

ரயில் பெட்டியில் தமிழ் அறிவிப்பு ஒலித்ததும் அத்தான் பத்திரிகையை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அறிவிப்பு முடிந்ததும், "உச்சரிப்பு பரவாயில்லை," என்று மதிப்பெண் போட்டார். அதே நேரத்தில் அக்கா கட்டைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து, எதிரே இருந்த சீனப் பாட்டிக்கும் சேர்த்து நீட்டிக்கொண்டிருந்தார். இந்த ரயிலில் உண்ணவும் கூடாது, பருகவும் கூடாது. மீறினால் அபராதம் 500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை போகும். நான் பதறிப் பொட்டலத்தை வாங்கி மடித்தபோது, பாட்டி தம் பங்கை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு சிரித்தார்.

தேக்கா என்ற பெயர் தமிழ் அல்ல. சிறு மூங்கில்களின் அடிவாரம் என்ற பொருள் தரும் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழிச் சொல்லிலிருந்து வந்தது. முன்பு இங்கே மாட்டுத்தொழுவங்கள் இருந்ததால் பஃபலோ சாலை, கெர்பாவ் (மலாயில் எருமை) சாலை என்ற பெயர்களும் நிலைத்துவிட்டன. தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு புறம் ஈரச் சந்தை, மறுபுறம் உணவங்காடி. வாழைப்பூவும் முருங்கைக்கீரையும் கட்டுக்கட்டாகக் கிடப்பதைப் பார்த்த அக்கா, வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்பதையே மறந்து விலை கேட்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் தோசையும் ஆப்பமும் இஞ்சி போட்ட தே ஹாலியாவும் வாங்கிக்கொண்டோம். இங்கே தேநீரை மேலும் கீழும் இழுத்து ஆற்றுவதை அத்தான் எழுந்து நின்று பார்த்தார். வேலை முடிந்து வந்த ஊழியர்கள், காய்கறிப் பையோடு வந்த பாட்டிகள், அலுவலகத்துக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் ஒரே மேசையில் இடம் கேட்டு உட்காருகிற இடம் இது. முன்பின் தெரியாதவர் எதிரே வந்து அமர்ந்தால் தவறாக நினைக்கக் கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். 2021 முதல் இது வெறும் நற்பழக்கம் அல்ல, சட்டம். தட்டு வைக்கும் அடுக்குகளிலும் ஹலால் உணவுக்குத் தனி, மற்றதற்குத் தனி. மூவருடைய தட்டுகளையும் நான் எடுத்துக்கொண்டு நடந்தபோது, அக்காவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. பின்னாலேயே வந்து, அடுக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டார். கழுவியே வைத்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறார்! உணவங்காடிகள் குறிப்பிட்ட சில நாட்களில் துப்புரவுக்காக மூடப்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாள் அதில் மாட்டுமா என்று பார்த்துக்கொண்டு வருவது நல்லது.

சிராங்கூன் சாலையில் பத்து நிமிட நடையில் வீரமாகாளியம்மன் கோயில். காலைக் கழுவிவிட்டு உள்ளே போனதும், இரவு விமானத்தின் களைப்பு அக்காவின் முகத்திலிருந்து எங்கோ போய்விட்டது. அங்கே நாங்கள் முக்கால் மணி நேரம் இருந்தோம். நான் கணக்கிட்டிருந்தது இருபது நிமிடம். அதே சாலையில் மேலும் நடந்தால் சீனிவாசப் பெருமாள் கோயில் வரும். தைப்பூசக் காவடிகள் அங்கிருந்துதான் புறப்படும். வெயில் ஏறிவிட்டதால் அங்கே போகவில்லை. முஸ்தபா என்ற பேரங்காடிக்குள்ளும் நுழையவில்லை. ஊருக்குப் போகிறவர் என்றால் அங்கே கட்டாயம் நுழையலாம்; ஊரிலிருந்து வேறு நாட்டுக்குப் போகிறவர், ஏற்கெனவே நிரம்பிய கைப்பையோடு அந்தக் கடையில் அகப்பட்டால் இரண்டு மணி நேரம் போனதே தெரியாது. இரவு முழுவதும் திறந்திருந்த காலமும் இப்போது இல்லை.

வெயிலுக்கு ஒதுங்க இந்திய மரபுடைமை நிலையம் மிகப் பொருத்தமான இடம். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்டது, திங்கட்கிழமைகளில் விடுமுறை. வெளிநாட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. மேல்தளத்திலிருந்து இறங்கி வரும் வரிசையில் காட்சிகளை அமைத்திருக்கிறார்கள் என்பதால் முழங்காலுக்கும் தொல்லை இல்லை. அங்கே செதுக்கு வேலைப்பாடுகள் நிறைந்த ஒரு செட்டிநாட்டு மர நிலைவாசல் நிற்கிறது. அத்தான் அதன் முன் நெடுநேரம் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கஜலட்சுமியின் யானைகளையும் ஓரத்துக் கொடிக்கருக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, இதே போல ஒன்றை எங்கள் தெருவில் போன வருடம்தான் எடைக்கு விற்றார்கள்," என்றார். சிட்னி போய்ச் சேரும் வரைக்கும் அவர் அதையே பேசிக்கொண்டிருந்ததாக அக்கா பின்னர் சொன்னார். இடைத்தங்கலில் பார்க்க வேண்டியது இது மட்டுந்தான் என்றால்கூட நான் ஒப்புக்கொள்வேன்.

பகலுணவுதான் அன்றைய ஒரே தவறு, தவறு என்னுடையது. குளிரூட்டிய இடமாக இருக்கட்டும் என்று, பெயர் சொல்ல விரும்பாத ஓர் உணவகத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சோறு ஆறியிருந்தது, வத்தக்குழம்பு என்று வந்தது இனித்தது. கேட்காமலே கொண்டுவந்து வைத்த ஈரத்துண்டுக்கும் கட்டணம் போட்டிருந்தார்கள். ரசீதைப் பார்த்த அத்தான், பட்டியலில் இருந்த விலைகளைக் கூட்டினால் இந்தத் தொகை வரவில்லையே என்று பேனாவை எடுத்தார். இங்குள்ள உணவகங்கள் பலவற்றில் பட்டியல் விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கும் மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். பட்டியலில் 100 வெள்ளி என்றால் கையிலிருந்து போவது 119 வெள்ளி 90 காசு. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அதுதான் பொருள். உணவங்காடியில் இந்தத் தொல்லை கிடையாது. சொன்ன விலைதான் கொடுக்கும் விலை. மீண்டும் தேக்காவுக்கே போயிருக்கலாம்.

மூன்று மணிக்குக் கிளம்பி நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குத் திரும்பினோம். இரண்டாம் முனையத்தின் தெற்குப் புறத்தில், வண்டி நிறுத்தும் கட்டடத்துக்குள் ஊழியர்களுக்கான உணவகம் ஒன்று இருக்கிறது, பொதுமக்களும் சாப்பிடலாம். விமான நிலைய விலைக்குப் பயந்தவர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய இடம். சீருடையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே ஆளுக்கொரு கோப்பி குடித்துவிட்டு ஜுவலுக்கு நடந்தோம்.

2019 ஏப்ரலில் திறந்த ஜுவலைக் கட்டடக்கலைஞர் மோஷே சாஃப்டி வடிவமைத்தார். கண்ணாடிக் கூரையின் நடுவே திறந்த வட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விழுகிறது; கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். சுற்றிலும் படிப்படியாக எழும் காட்டுத் தோட்டத்தில் நடக்கக் கட்டணம் இல்லை. ஐந்தாம் தளத்துப் பூங்காவுக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும், அது குழந்தைகளோடு வருபவர்களுக்கானது. கடைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை; எல்லாப் பெரிய ஊர்களிலும் இருக்கும் கடைகள்தாம். இருட்டிய பிறகு அருவியின் மேல் ஒளிக்காட்சி நடத்துவார்கள் என்றாலும், பகலில், கூரையைத் தாண்டி வரும் வெயிலில், நீர்த்தூள் மிதக்கும்போது பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். கீழ்த்தளத்துக்கு இறங்கினால் இதே அருவி ஒரு பெரிய கண்ணாடிக் குழாய்க்குள் விழுந்து மறைவதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். மேலே கூட்டத்தோடு முண்டியடித்துப் படமெடுப்பவர்கள் பலர் அங்கே இறங்குவதே இல்லை.

அத்தான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "சாரல் குறைந்த மாதத்தில் குற்றாலத்தில் இப்படித்தான் விழும். ஆனால் அங்கே குளிக்கலாம்," என்றார். அக்கா அதைக் கேட்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மரத்தடித் திண்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி அருவிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தரை மணிக்கு அவர்களை மூன்றாம் முனையத்தில் உள்ளே அனுப்பினேன். இரண்டரை மணி நேரம் முன்னதாகவா என்று அவர்களுக்கே தோன்றியது. ஆனால் முதல் மூன்று முனையங்களிலும் பைகளைச் சோதிக்கும் இடம் ஏறுவாயிலிலேயே இருக்கிறது. கடைகளைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கழித்துவிட்டு, கடைசியில் வாயிலுக்கு வந்து வரிசையைப் பார்த்து மலைப்பவர்கள் நிறையப் பேர். அந்தச் சோதனையைத் தாண்டித் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுபோக முடியாது. காலையில் நான் கொடுத்த புட்டி இன்னும் முக்கால்வாசி நிறைந்திருந்தது. "தம்பி கொடுத்தது, கொட்ட மாட்டேன்," என்று வரிசையில் நின்றபடியே அக்கா முழுவதையும் குடித்து முடித்ததாக, விமானத்தில் ஏறிய பின் அத்தான் அழைத்துச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து அவர்கள் இதே வழியாகத் திரும்புகிறார்கள். அப்போது இடைத்தங்கல் நான்கே மணி நேரம். வெளியே வந்தால் குடிநுழைவு வரிசைகளிலேயே பாதி போய்விடும் என்பதால் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அருவியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் இடையே ஓடும் ஸ்கைடிரெயின் ஜுவலுக்குள் புகுந்து அருவியின் ஓரமாகவே போகிறது; இடைவழிப் பயணிகளுக்கான பெட்டியில் இருப்பவர்களுக்கும், சில விநாடிகளே என்றாலும், கண்ணாடி வழியாக முழு அருவியும் தெரியும். எந்தப் பக்கத்து இருக்கை என்று தேட வேண்டாம், நின்றுகொண்டே போங்கள் என்று அத்தானுக்கு எழுதி அனுப்பினேன். அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருந்தார். இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம்.